பக்கவாத்தியமா, கௌரவ வேடமா?

1970ஆம் ஆண்டு மே மாதம். லண்டனில் பார்ன்ஸ் பகுதியிலுள்ள ஒலிம்பிக் ஸ்டூடியோ. சிகாகோவிலிருந்து வரவழைக்கப்பட்ட ப்ளூஸ் பாடகர் ஹவ்லின் உல்ஃப் நடுவில் உட்கார்ந்திருக்கிறார். 60 நிறைய இன்னும் ஒரு மாதம் பாக்கி. ஆறடியைத் தாண்டிய ஆகிருதி, அடித்தொண்டையில் ஜல்லி அரைபடுகிற மாதிரி ஒரு குரல்; ஆனால் உடம்புக்கு முடியவில்லை. சுற்றிலும் மகன் வயதுப் பையன்கள். கிட்டாரில் எரிக் கிளாப்டன், பேஸ் கிட்டாரில் பில் வைமன், டிரம்ஸில் சார்லி வாட்ஸ். ‘தி ரெட் ரூஸ்டர்’ பாட்டை எடுக்கிறார்கள். பாதியில் நின்றுபோகிறது. எங்கே விட்டு எங்கே எடுப்பது என்று பையன்களுக்குப் பிடிபடவில்லை. நீங்களும் கிட்டாரை எடுத்து வாசியுங்களேன், பின்னாலேயே வந்துவிடுகிறோம் என்கிறார் கிளாப்டன். பெரியவர் கிட்டாரை வாங்கி, எங்கே மாற வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும் என்று சொல்லிச் சொல்லி வாசிக்கிறார். நாடா ஓடிக்கொண்டிருந்தது. 1971இல் இசைத்தட்டு வெளிவந்தபோது பாட்டோடு இந்தப் பாடமும் சேர்ந்தே வந்தது.

வேடிக்கை என்னவென்றால், வைமனுக்கும் வாட்ஸுக்கும் அந்தப் பாட்டு புதிதே அல்ல. அவர்களுடைய ரோலிங் ஸ்டோன்ஸ் குழு 1964 டிசம்பரில் இதே பாட்டைப் பாடித்தான் பிரிட்டனின் விற்பனைப் பட்டியலில் முதலிடம் பிடித்திருந்தது. நாடே கேட்டுத் தலையாட்டிய பாட்டை, அதை முதலில் இசைத்தட்டில் பாடியவர் முன்னால் உட்கார்ந்து, ஆனா ஆவன்னாவிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது.

அந்த ஆல்பத்தில் விருந்தாளி யார், வீட்டுக்காரர் யார்? அட்டையில் பெரிய எழுத்து உல்ஃபுடையது. ஆனால் அவருடைய இசைத்தட்டு நிறுவனமான செஸ் அவரைக் கடல் தாண்டி அனுப்பியது, அமெரிக்காவின் வெள்ளைக்காரக் கல்லூரிப் பிள்ளைகள் கிளாப்டன் பெயரைப் பார்த்தாவது வாங்குவார்கள் என்ற கணக்கில்தான். உல்ஃபுடன் ஆண்டுக்கணக்கில் கிட்டார் வாசித்த ஹியூபர்ட் சம்லினையும் அழைத்துவந்தே தீர வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவர் கிளாப்டன். வியாபாரம் பெயரைத் தேடியது. வாசிக்கிறவனுக்கோ வாசிப்பு தேவைப்பட்டது. மூத்த கலைஞர் ஒருவர் பிரபல விருந்தாளிகளோடு ஆல்பம் போடுகிற வழக்கத்தில் இந்த இரண்டும் அன்றைக்கே ஒட்டிக்கொண்டுவிட்டன. இன்றுவரை பிரியவில்லை.

53 ஆண்டு கழித்து, 2023 அக்டோபர் 20 அன்று, ‘ஹாக்னி டயமண்ட்ஸ்’ வெளிவந்தது. சொந்தப் பாட்டுகளைக் கொண்டு ரோலிங் ஸ்டோன்ஸ் ஆல்பம் போட்டு அப்போது 18 ஆண்டு ஆகியிருந்தது. மிக் ஜாகருக்கு 80 வயது. கீத் ரிச்சர்ட்ஸுக்கு 80 நிறைய இரண்டு மாதம். கடைக்குட்டி ரானி வுட்டுக்கு 76. கார்க் கண்ணாடியை உடைத்துத் திருடும்போது தெருவில் சிதறிக் கிடக்கும் சில்லுகளுக்குக் கிழக்கு லண்டன்காரர்கள் வைத்திருக்கும் கேலிப் பெயர்தான் தலைப்பு. வந்துபோகும் ஆட்களின் பட்டியலைப் பார்த்தால் கல்யாணப் பத்திரிகையில் ‘தங்கள் நல்வரவை நாடும்’ பகுதி மாதிரி இருக்கிறது: பால் மெக்கார்ட்னி, எல்டன் ஜான், ஸ்டீவி வொண்டர், லேடி காகா, பில் வைமன். இவர்களோடு, 2021 ஆகஸ்டில் இறந்துபோன சார்லி வாட்ஸ்.

இந்தப் பட்டியலைக் கண்டதும் எழும் முதல் சந்தேகம் நியாயமானதுதான். கிழவர்களுக்கு ஊன்றுகோலா, அல்லது கடைவாசலில் கட்டிய வாழைமரமா? நம் சினிமா டைட்டிலில் ‘கௌரவ வேடத்தில்’ என்று ஒரு வரி ஓடும். அவர் வருவார், கைதட்டல் எழும், இரண்டு வசனம் பேசுவார், போய்விடுவார். அவர் வராவிட்டாலும் கதை நின்றுவிடாது. கச்சேரியில் பக்கவாத்தியம் அப்படியல்ல. வயலின்காரர் அன்றைக்கு வராவிட்டால் கச்சேரி வேறு கச்சேரி ஆகிவிடும். ராக் உலகின் முதியவர்கள் போடும் ஆல்பங்களில் வரும் விருந்தாளிகளை இந்த இரண்டு அளவுகோலால் அளந்துபார்த்தால் பல பெயர்கள் உதிர்ந்துவிடுகின்றன. சில பெயர்கள் மட்டும் உதிர மறுக்கின்றன.

ஸ்டோன்ஸுக்கு விருந்தாளிகள் புதிதல்ல. வயதானதால் வந்த பழக்கமும் அல்ல. 1969இல் ‘கிம்மி ஷெல்டர்’ பாட்டுக்கு ஒரு பெண்குரல் வேண்டும் என்று லாஸ் ஏஞ்சலஸில் நள்ளிரவில் போன் போட்டார்கள். மெர்ரி கிளேட்டன் நிறைமாதத்தை நெருங்கும் கர்ப்பிணி. தலைமுடியைச் சுருட்டிக் கிளிப் மாட்டித் தூங்கப் போயிருந்தார். அப்படியே வந்து, பாடிக் கொடுத்துவிட்டுப் போனார். அந்தப் பாட்டின் உச்சியில் அவர் குரல் பிசிறி உடையும் இடம்தான் இன்றைக்கும் கேட்பவரை நிமிர்ந்து உட்காரவைக்கிறது. இசைத்தட்டின் அட்டையிலோ அவர் பெயரை ‘மேரி’ என்று தப்பாக அச்சடித்திருந்தார்கள். 1981இல் ‘டாட்டூ யூ’ ஆல்பத்துக்கு ஜாஸ் உலகின் ஜாம்பவான் சானி ராலின்ஸ் சாக்ஸபோன் வாசித்தார். அட்டையில் அவர் பெயரே இல்லை. அந்தக் காலத்து விருந்தாளியின் நிலை அது. வாசிப்பு முழுக்க இருக்கும், பெயர் இருக்காது. இப்போது பெயர் முன்னால் வந்து நிற்கிறது. வாசிப்பைத்தான் சில சமயம் தேட வேண்டியிருக்கிறது.

திருப்பம் எப்போது நேர்ந்தது என்று கேட்டால் பெரும்பாலோர் கிட்டார் கலைஞர் சந்தானாவின் 1999 ஆல்பத்தைக் கை காட்டுவார்கள். ஆனால் அதற்குப் பத்து ஆண்டு முன்னால் ஒரு சங்கதி இருக்கிறது. 1989இல் ஜான் லீ ஹூக்கர் ‘தி ஹீலர்’ என்றொரு ஆல்பம் போட்டார். ஒரே சுருதியில், காலால் பலகையைத் தட்டிக்கொண்டு பாடியே பேர் வாங்கிய மனிதர். ப்ளூஸ் வட்டத்துக்கு வெளியே அவரை அநேகமாக மறந்தே போயிருந்தார்கள். தலைப்புப் பாட்டில் கார்லோஸ் சந்தானா கிட்டார் வாசித்தார். 1951இல் ஹூக்கர் தனியே பாடி வெற்றிபெற்ற ‘ஐ’ம் இன் தி மூட்’ பாட்டை பானி ரைட் அவரோடு சேர்ந்து பாடினார். அதற்கு கிராமி விருது கிடைத்தது. ஹூக்கரின் முதுமைக் காலம் முழுக்க விளக்கேற்றி வைத்த ஆல்பம் அது. இதில் கவனிக்க வேண்டியது, ஹூக்கர் யாருக்காகவும் தன் நடையை மாற்றிக்கொள்ளவில்லை. ப்ளூஸ் என்றால் 12 அளவுகள் என்று புத்தகம் சொல்லும். ஹூக்கர் 11இல் திரும்புவார், 13இல் திரும்புவார், மனசுக்குத் தோன்றினால் திரும்பவே மாட்டார். வந்தவர்கள்தான் அவர் வாயைப் பார்த்துக்கொண்டே வாசிக்க வேண்டும்.

1989இல் விருந்தாளியாக வந்த சந்தானா 1999இல் வீட்டுக்காரரானார். உட்ஸ்டாக் மேடையில் 22 வயதில் உலகத்தைத் திரும்பிப் பார்க்கவைத்தவர். 1971க்குப் பிறகு அமெரிக்க ஆல்பம் பட்டியலில் முதலிடத்தைக் கண்ணால் பார்க்காதவர். இளமையில் அவரைக் கொலம்பியா நிறுவனத்துக்கு எடுத்துக்கொண்ட கிளைவ் டேவிஸே, இப்போது அரிஸ்டா நிறுவனத்தில் இருந்துகொண்டு ‘சூப்பர்நேச்சுரல்’ ஆல்பத்துக்கு ஆள் சேர்த்தார். ராப் தாமஸ், லாரின் ஹில், டேவ் மேத்யூஸ், எவர்லாஸ்ட், மெக்சிகோவின் மனா குழு, கூடவே எரிக் கிளாப்டன். ராப் தாமஸ் பாடிய ‘ஸ்மூத்’ 12 வாரம் முதலிடத்தில் இருந்தது. 2000 பிப்ரவரியில் கிராமி மேடையில் ஒரே இரவில் 8 விருதுகளை வாங்கி, மைக்கேல் ஜாக்சன் 1984இல் வைத்த கணக்கை எட்டிப் பிடித்தார் சந்தானா. அமெரிக்காவில் மட்டும் ஒன்றரைக் கோடிப் பிரதிகளுக்குச் சான்றிதழ்.

இதைக் கடைச்சரக்கு என்று ஒதுக்கிய விமர்சகர்கள் அன்றைக்கும் உண்டு, இன்றைக்கும் உண்டு. ஓரளவுக்கு நியாயம்தான்; சில பாட்டுகள் வானொலி நிலையத்தின் அளவுக்குத் தைத்த சட்டைகள். ஆனால் அவர்கள் ஒன்றைத் தவறவிட்டார்கள். சந்தானா பாடகர் அல்ல. தன் பெயர் போட்ட ஆல்பத்திலேயே, பாடுகிறவருக்குப் பின்னால் நின்று, வரி முடிந்து மூச்சு வாங்கும் இடைவெளியில் பதில் சொல்வதுதான் தொடக்கம் முதல் அவர் வேலை. ‘ஸ்மூத்’ பாட்டை மறுபடி கேட்டால் தெரியும்: தாமஸ் ஒரு வரி பாடி விடுகிறார், கிட்டார் அந்த வரியின் வாலைப் பிடித்துக்கொண்டு ஏறுகிறது, அடுத்த வரி வருவதற்குள் இறங்கி வழிவிடுகிறது. வீட்டுக்காரரே பக்கவாத்தியமாக இருந்த ஆல்பம் அது. அதனால்தான் ஓடியது. அதைப் பார்த்துச் சூடுபோட்டுக்கொண்ட பிறருக்கும், ஏன், பிற்பாடு சந்தானாவுக்கே கூட, அதே பலன் திரும்பக் கிடைக்கவில்லை.

எல்லோரும் விருந்தாளியாகி வீட்டுக்காரரே இல்லாமல் போன கதையும் ஒன்று உண்டு. அதில் நம் ஊர்க்காரர் ஒருவர் இருக்கிறார். 2011இல் ‘சூப்பர்ஹெவி’ என்ற பெயரில் ஒரு குழுவும் அதே பெயரில் ஓர் ஆல்பமும் வந்தன. மிக் ஜாகர், டேவ் ஸ்டூவர்ட், ஜாஸ் ஸ்டோன், டேமியன் மார்லி, ஏ.ஆர். ரஹ்மான். அதில் ‘சத்யமேவ ஜயதே’ என்று ஒரு பாட்டு. ஜாகர் சமஸ்கிருதத்தில் பாடுகிறார். நாக்கு அங்கங்கே தடுக்கினாலும் உற்சாகத்துக்குக் குறைவில்லை. கேட்டு முடித்தால் ஐந்து பேரும் ஒருவரையொருவர் ‘முதலில் நீங்கள் சாப்பிடுங்கள்’ என்று உபசரித்துக்கொண்டே இருந்துவிட்ட விருந்து மாதிரி இருக்கிறது. இலை விரித்தபடியே கிடக்கிறது. இரண்டாவது ஆல்பம் வரவில்லை.

விருந்தாளி ஒரே அறையில் இருக்க வேண்டுமென்ற கட்டாயம் எப்போதோ ஒழிந்துவிட்டது. 1993இல் ஃபிராங்க் சினாட்ரா ‘டூயட்ஸ்’ ஆல்பம் போட்டபோது அவருக்கு 77 வயது. போனோ முதல் பார்பரா ஸ்ட்ரைசண்ட் வரை யார் யாரோ அவரோடு சேர்ந்து பாடினார்கள். ஒருவரும் அவரோடு ஒரே ஸ்டூடியோவில் நிற்கவில்லை. அவர் தன் பங்கைப் பாடி முடித்துவிட்டார். மற்றவர்கள் தத்தம் ஊரிலிருந்து, சிலர் தொலைபேசிக் கம்பி வழியாகவே, தங்கள் பாதியை அனுப்பி ஒட்டவைத்தார்கள். ஆல்பம் லட்சக்கணக்கில் விற்றது. கேட்கும்போதோ, அடுத்தடுத்த வீட்டு மாடிகளில் நின்று பேசிக்கொள்கிற மாதிரி ஒரு தூரம் காதில் விழுந்துகொண்டே இருக்கும்.

இன்றைக்கு அந்தத் தூரத்தையும் கணினி துடைத்துவிடுகிறது. ஸ்பாட்டிஃபை காலத்தில் விருந்தாளிக்கு இன்னொரு வேலையும் வந்து சேர்ந்திருக்கிறது. ஒரு பாட்டில் இரண்டு பெயர் போட்டால் அது இரண்டு பேரின் பக்கத்திலும் போய் உட்காரும். 20 வயது ரசிகையின் போனில் 74 வயதுக்காரர் குதித்துவிடுவார். எல்டன் ஜானின் ‘கோல்ட் ஹார்ட்’ அப்படித்தான் குதித்தது. ஆஸ்திரேலியாவின் பிநாவ் குழு அவருடைய பழைய பாட்டுகளிலிருந்து துண்டுகளை வெட்டி ஒட்டி, ‘ராக்கெட் மேன்’ பல்லவியை டுவா லிபாவின் வாயில் கொடுத்தது. 2021 அக்டோபரில் அது பிரிட்டனில் முதலிடம் பிடித்தது. எல்டனுக்கு 16 ஆண்டு கழித்துக் கிடைத்த முதலிடம். பாட்டு கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, மறுப்பதற்கில்லை. ஆனால் அதில் எல்டன் தன் வீட்டுக்கே விருந்தாளியாக வந்தவர் போலத் தெரிகிறார். பியானோ முன்னால் உட்கார்ந்து விரலால் கட்டைகளை அடித்து நொறுக்கும் அந்த மனிதரைக் காணோம். அவரைப் பார்க்க வேண்டுமென்றால் பிறர் ஆல்பங்களில் தேட வேண்டும்.

பிறர் ஆல்பங்கள் என்றதும் ஆண்ட்ரூ வாட் பற்றிச் சொல்லியாக வேண்டும். 1990இல் பிறந்த அமெரிக்கத் தயாரிப்பாளர். ஜஸ்டின் பீபருக்கும் போஸ்ட் மலோனுக்கும் பாட்டு செய்துகொண்டிருந்தவர், ஓஸி ஆஸ்பர்ன், எடி வெடர், இகி பாப், ரோலிங் ஸ்டோன்ஸ், எல்டன் ஜான் என்று வரிசையாகப் பெரியவர்களின் ஆல்பங்களைக் கையில் எடுத்தார். ஓஸியின் ஆல்பத்தில் எல்டன். வெடரின் ஆல்பத்தில் எல்டன், ஸ்டீவி வொண்டர், ரிங்கோ ஸ்டார். ஸ்டோன்ஸ் ஆல்பத்தில் மறுபடி எல்டன், மறுபடி வொண்டர். ரெட் ஹாட் சில்லி பெப்பர்ஸின் சாட் ஸ்மித் எங்கே பார்த்தாலும் டிரம்ஸில் இருக்கிறார். ஒரே சொந்தத்துக்குள் நடக்கும் கல்யாணங்களில் ஒரே ஆட்கள் பந்திக்குப் பந்தி கண்ணில் படுவார்களே, அப்படி. சத்தத்திலும் ஒரு ஜாடை இருக்கிறது: எல்லாம் முன்னால், எல்லாம் உரக்க, எங்கும் ஓர் இருட்டு மூலை கிடையாது. ‘ஹாக்னி டயமண்ட்ஸ்’ முதல் பாட்டு ‘ஆங்ரி’யைக் கேட்கும்போது, பழைய வீட்டுக்குப் புதுச் சுண்ணாம்பு கொஞ்சம் கூடுதலாகவே அடித்துவிட்டார்கள் என்று தோன்றுவது இதனால்தான்.

ஆனால் அந்த மனிதரைக் குறைசொல்லி நகர்ந்துவிட முடியாது. அவர் இல்லாவிட்டால் ஓஸியின் கடைசி இரண்டு ஆல்பங்கள் இல்லை. 2019 தொடக்கத்தில் வீட்டில் விழுந்து, 2003இல் நேர்ந்த வாகன விபத்தின் பழைய காயம் கிளறிக்கொண்டு, அறுவை சிகிச்சை, படுக்கை என்று கிடந்தார் ஓஸி. பார்க்கின்சன் நோய் இருப்பதை 2020 ஜனவரியில் வெளியே சொன்னார். அதற்கு முந்தைய ஆண்டு போஸ்ட் மலோன் தன் பாட்டொன்றுக்கு ஓஸியின் குரல் வேண்டும் என்று கேட்டனுப்ப, அதற்குப் பாடிக் கொடுக்கப் போனதில் தொடங்கிய பழக்கம், 2020இல் ‘ஆர்டினரி மேன்’ ஆகவும் 2022இல் ‘பேஷண்ட் நம்பர் 9’ ஆகவும் முடிந்தது. இரண்டாவதில் வரும் கிட்டார்க்காரர்களின் பட்டியல் மிரட்டுகிறது: ஜெஃப் பெக், எரிக் கிளாப்டன், மைக் மெக்ரெடி, ஸாக் வைல்ட். இவர்களோடு டோனி அயோமி. பிளாக் சபாத் குழுவில் ஓஸியோடு வளர்ந்தவர், சண்டை போட்டவர், சேர்ந்தவர்; ஓஸியின் சொந்த ஆல்பம் ஒன்றில் அயோமி வாசித்தது அதுவே முதல் தடவை.

நிற்க முடியாத ஒருவர் பாட, அவருக்காகப் பிறர் நின்றார்கள். இங்கே விருந்தாளி என்ற சொல் பொருந்தவே இல்லை. நோயாளி வீட்டில் ஆளுக்கொரு வேளை இருந்து பார்த்துக்கொள்கிற உறவுக்காரர்கள் என்று சொல்லலாம். வந்தவர்களிலேயே சிலர் முந்திக்கொண்டார்கள். சில பாட்டுகளுக்கு டிரம்ஸ் வாசித்த டெய்லர் ஹாக்கின்ஸ், ஆல்பம் வெளிவருவதற்கு ஏறக்குறைய ஆறு மாதம் முன்பே, 50 வயதில் போய்விட்டார். ஜெஃப் பெக் 2023 ஜனவரியில் காலமானார். ஓஸி 2025 ஜூலை 5 அன்று பர்மிங்காமின் வில்லா பார்க் மைதானத்தில் சிம்மாசனம் போன்ற நாற்காலியில் உட்கார்ந்தபடியே பாடிவிட்டு, 17 நாள் கழித்துக் கண்மூடினார்.

கதவைச் சாத்திக்கொண்டவர்களும் உண்டு. பால் மெக்கார்ட்னி 2020 பொதுமுடக்கத்தில் சசெக்ஸிலுள்ள தன் ஸ்டூடியோவுக்குத் தினமும் போய், டிரம்ஸ், பேஸ், கிட்டார், பியானோ எல்லாவற்றையும் அநேகமாகத் தானே வாசித்து ‘மெக்கார்ட்னி 3’ ஆல்பத்தை முடித்தார். 78 வயதில் ஒண்டியாளாக ஒரு குழு. அடுத்த ஆண்டே கதவைத் திறந்து, அதே பாட்டுகளை இளையவர்கள் கையில் கொடுத்து, உங்கள் இஷ்டப்படி பிரித்துக் கட்டுங்கள் என்றார். செயின்ட் வின்சென்ட், ஃபீபி பிரிட்ஜர்ஸ், ஆண்டர்சன் பாக் என்று ஆளுக்கொன்றை எடுத்துக்கொண்டார்கள். வேண்டியபோது தனிமை, வேண்டியபோது கூட்டம். ஜாதகம் அப்படி.

அந்த மெக்கார்ட்னிதான் 2021இல் அமெரிக்கப் பத்திரிகை ஒன்றுக்குக் கொடுத்த பேட்டியில், ஸ்டோன்ஸ் பிறர் பாடிய ப்ளூஸைத் திரும்பப் பாடும் குழு, தன் பீட்டில்ஸ் குழுவின் வலை அதைவிட அகலம் என்கிற தொனியில் பேசி வம்பு கிளப்பியிருந்தார். ஜாகர் மேடையில் அதைக் கிண்டலடித்துப் பதில் கொடுத்தார். ஜாகருக்கு ஆண்ட்ரூ வாட் பெயரைச் சொன்னவரும் மெக்கார்ட்னிதான். பிறகு அவரே பேஸ் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு வந்து ‘பைட் மை ஹெட் ஆஃப்’ பாட்டுக்கு வாசித்தார். பேஸில் ராகம் பாடுகிறவர் என்று பெயரெடுத்தவர், இதில் கம்பியைக் கரகரக்கவைத்து, ரம்பம் மாதிரி அறுக்கிறார். நடுவில் ஜாகர் அவர் பெயரைச் சொல்லி அழைக்க, சில நொடி அந்த இரைச்சல் மட்டும் முன்னால் பாய்கிறது. மீண்டும் கூட்டத்துக்குள் போய்விடுகிறது. 1963இல் லெனனும் மெக்கார்ட்னியும் புதுப் பையன்களான ஸ்டோன்ஸுக்கு ஒரு பாட்டு கொடுத்தார்கள் என்பதை அறிந்தவருக்கு அந்தச் சில நொடி இன்னும் இனிக்கும். தெரியாதவருக்கும் நஷ்டமில்லை. வயலின்காரருக்குக் கைகாட்டி விடுவது போலத்தான் அது.

கௌரவ வேடமாக ஆகிவிடக்கூடிய ஆபத்து லேடி காகாவிடம் அதிகம் இருந்தது. ‘ஸ்வீட் சவுண்ட்ஸ் ஆஃப் ஹெவன்’ தனிப்பாட்டாக வெளிவந்தபோதே அவர் பெயரும் ஸ்டீவி வொண்டர் பெயரும் விளம்பரத்தில் முன்னால் நின்றன. ஏழு நிமிடத்துக்கும் மேலே போகும் பாட்டு. பாதிக்கு மேல், முடிந்துவிட்டது என்கிற மாதிரி எல்லாம் அடங்கிப்போகிறது. வொண்டரின் கீபோர்டு மட்டும் எதையோ தேடுகிறது. மெல்ல டிரம்ஸ் கூடுகிறது. இப்போது காகா பாடுகிறாரா, கத்துகிறாரா என்று பிரித்துச் சொல்ல முடியாத ஓரிடத்துக்கு ஏறுகிறார். 80 வயது ஜாகர் விடாமல் கூடவே ஏறுகிறார். அந்த ஏற்றத்தின் பின்னால் 1969இல் கிளிப் மாட்டிய தலையோடு வந்து பாடியவரின் நிழல் இருக்கிறது. 2012இல் நியூ ஜெர்சி மேடையில் ஸ்டோன்ஸோடு காகா பாடியதும் ‘கிம்மி ஷெல்டர்’தான். அவருக்கும் அது தெரியாமலிருக்காது.

இனி, சார்லி வாட்ஸ் வாசித்த இரண்டு பாட்டுகள். ஆல்பத்தில் ஏழாவதும் எட்டாவதும்: ‘மெஸ் இட் அப்’, ‘லிவ் பை தி ஸ்வோர்ட்’. 2019இல் பதிந்துவைத்திருந்த சார்லி வாட்ஸின் டிரம்ஸ் மேல் கட்டியவை. மற்றப் பாட்டுகளுக்கு வாசித்த ஸ்டீவ் ஜோர்டன் சாமானியர் அல்லர். கீத் ரிச்சர்ட்ஸின் தனிக்குழுவில் எண்பதுகளிலிருந்தே இருப்பவர், வாட்ஸே தன் இடத்துக்குக் கைகாட்டியவர். அடி உறுதியானது. ஆனால் ஏழாவது பாட்டு தொடங்கியதும் அறையில் வேறு யாரோ நுழைந்த மாதிரி இருக்கிறது. வாட்ஸின் கையில் ஒரு விசித்திரப் பழக்கம் உண்டு. வலக்கை சின்னத் தாளத் தட்டில் ஓடிக்கொண்டே இருக்கும். இடக்கை பெரிய அடி அடிக்கும் அதே நொடியில் வலக்கையைத் தூக்கிவிடுவார். மற்ற டிரம்ஸ்காரர்கள் இரண்டையும் சேர்த்தே அடிப்பார்கள். வாட்ஸிடம் அந்த இடத்தில் ஒரு கண்சிமிட்டல் அளவுக்கு வெற்றிடம் விழும். பெரிய அடி அந்த வெற்றிடத்தில் தனியே ஒலிக்கும். ஐம்பது அறுபது ஆண்டு அந்தக் குழுவின் பாட்டுகள் லேசாகத் தள்ளாடி நடப்பது போலவும் ஆனால் விழாதது போலவும் கேட்டதற்கு அந்தத் தூக்கிய கையும் ஒரு காரணம்.

‘லிவ் பை தி ஸ்வோர்ட்’ பாட்டில் பியானோ எல்டன் ஜான். பாட்டுப் பாடுகிற எல்டன் அல்ல. சம்பளத்துக்கு வாசிக்கிற பியானோக்காரர் போலப் பின்னால் உட்கார்ந்து விரலால் குத்துகிற எல்டன். பேஸ் கிட்டார் பில் வைமன். குழுவை விட்டுத் தான் போய்விட்டதை 1993இல் அறிவித்தவர், அப்போது எண்பதுகளின் நடு வயதில் இருந்த கிழவர், இந்த ஒரு பாட்டுக்காக வந்தார். வாட்ஸ் வாசித்து வைத்துவிட்டுப் போனதன் மேல் வைமன் தன் கையை வைத்தார். ஹவ்லின் உல்ஃப் முன்னால் உட்கார்ந்து பாடம் கேட்ட அதே பேஸும் அதே டிரம்ஸும். 1970இல் இரண்டு பேரும் பெரியவர் ஒருவரின் ஆல்பத்தில் விருந்தாளிகள். 2023இல், ஒருவர் விலகிப்போனவர், ஒருவர் இறந்துபோனவர், தங்கள் சொந்தக் குழுவின் ஆல்பத்தில் விருந்தாளிகள்.

ஆல்பத்தின் கடைசிப் பாட்டில் யாரும் இல்லை. டிரம்ஸ் இல்லை, பேஸ் இல்லை, ரானி வுட் கூட இல்லை. கீத் ரிச்சர்ட்ஸின் கிட்டார், ஜாகரின் குரல், அவர் ஊதும் மௌத் ஆர்கன். ப்ளூஸ் பாடகர் மடி வாட்டர்ஸ் 1950இல் பதிந்த பாட்டு அது. 1961 அக்டோபரில் டார்ட்ஃபோர்ட் ரயில் நிலையத்தில் ஜாகர் கையில் வைத்திருந்த இசைத்தட்டுகளில் ஒன்று மடி வாட்டர்ஸுடையது. அதைப் பார்த்துத்தான் ரிச்சர்ட்ஸ் பேச்சுக் கொடுத்தார். அடுத்த ஆண்டு, பத்திரிகை ஒன்றுக்கு விளம்பரம் கொடுக்க, குழுவைத் தொடங்கிய பிரையன் ஜோன்ஸ் போன் செய்தபோது எதிர்முனையில் குழுவின் பெயரைக் கேட்டார்கள். பெயர் வைத்திருக்கவில்லை. தரையில் மடி வாட்டர்ஸின் இசைத்தட்டு உறை கிடந்தது. அதிலிருந்த ஒரு பாட்டின் பெயரைப் படித்துச் சொன்னார் என்பது ரிச்சர்ட்ஸ் சொல்லும் கதை. பெயர் கொடுத்த அந்தப் பாட்டை அவர்கள் தங்கள் ஆல்பம் ஒன்றில் பதிய 61 ஆண்டு ஆனது. கிட்டாரின் கம்பி அங்கங்கே விரலில் சிக்கி முனகுகிறது. யாரும் அதைத் துடைத்து எடுக்கவில்லை.